நாலு கேமராவும் ஒரு தறிப்பள்ளமும்

கேமரா கடை கோவர்தனுக்குத் துர்கா தர வேண்டிய பாக்கி முப்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். நாலு கேமரா, படத்தைப் பிடித்து வைக்கிற பெட்டி, ஒயர், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்து அறுநூற்று ஐம்பது. அதில் ஒன்பதாயிரத்தை முன்பணமாகக் கொடுத்திருந்தாள். அந்த ஒன்பதாயிரம் எனக்கு வர வேண்டிய பணம். முழுக்க எனக்கில்லை, கிராவல், சிமெண்டு, எனக்கும் இன்னொரு ஆளுக்கும் ரெண்டு நாள் கூலி. அவள் வீட்டுத் தறிப்பள்ளத்தை மூடி, கூடம் முழுக்கத் தரை போடக் கொத்தனாரான நான் சொன்ன விலை அது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடுதான் துர்காவின் குழந்தைகள் காப்பகம். முன்பு தறி ஓடிய வாடகை வீடு. தறி போய்விட்டது, நெய்கிறவன் காலை விட்டு உட்காரும் பள்ளம் மட்டும் கூடத்தில் அப்படியே இருந்தது. மேலே மூன்று பலகை போட்டு, பலகைமேல் பாய் விரித்திருந்தாள். பாயின்மேல் பிள்ளைகள் விளையாடும். பதினாலு பிள்ளைகள். அம்மாக்கள் ஒரகடத்துக் கம்பெனிக்கும் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையைத் துர்காவின் தோளில் போட்டுவிட்டு ஓடுவார்கள். துர்காவின் புருஷன் அருள் கூலித் தறிக்காரன். தோள்பட்டை வலியால் மாதத்தில் பாதி நாள் நெய்ய மாட்டான். வீடு ஓடியது காப்பகத்தில்தான்.

ஆடி மாதம் பரமசிவம் என்ற அதிகாரி வந்தார். பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடங்களில் கேமரா கட்டாயம் என்று உத்தரவு, ஒரு மாதத்துக்குள் மாட்டாவிட்டால் லைசென்ஸ் கிடையாது என்றார். உத்தரவு தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. பேச்சு வராத பிள்ளையை இன்னொருத்தியிடம் விட்டுப் போகிறவள் வயிறு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். எங்கோ ஓர் ஊரில் ஒருத்தி பிள்ளையைச் சுவரில் மோதியதை நானும் செல்லில் பார்த்தேன். ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அவர் கூடத்தின் நடுவில் நின்று, அண்ணாந்து நாலு மூலையையும் பார்த்தார். காலுக்குக் கீழே பலகை கிறீச்சிட்டது.

“இன்னாம்மா சத்தம்?”

“தறிப்பள்ளம் சார். பலக போட்டு வெச்சிருக்கேன். மண்ணு கொட்டி மூடறதுக்குத் தோ இந்த அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன்.”

நான் அப்போது அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“ஃபார்ம்ல பள்ளத்துக்கு எடமே இல்லம்மா. கேமராவுக்குத்தான் எடம் இருக்குது. எத்தினி, எந்த மூலை, எத்தினி நாள் ரெக்கார்டு. மொதல்ல அத்த மாட்டு. பள்ளம் எங்க ஓடிடப் போவுது?”

தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். துர்காவும் சிரித்தாள். அதிகாரி சிரித்தால் சிரிக்க வேண்டும்.

சாயங்காலம் அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். “அண்ணா, அந்த ஒம்போதாயிரத்த கேமராக்காரனுக்குக் குடுத்துடறேன். பொங்கலுக்குள்ள பள்ளத்த மூடிக்கலாம்.”

“நடுவுல மழ வருதேம்மா.”

“மழைக்கு இன்னாண்ணா? பலகதான் இருக்குது இல்ல?”

ரெண்டு நாள் வேலை போச்சே என்றுதான் எனக்கு இருந்தது. பிள்ளைகள் நினைப்பு வரவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

கோவர்தன் ஆவணியில் வந்து மாட்டினான். முப்பது வயசு, கலகலவென்று பேசுவான். ஏணியில் நின்றுகொண்டே கேமராவை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

“கோவர்தனு, அந்தப் பலகையும் தெரியற மாதிரி வெய்யிப்பா,” என்றாள் துர்கா.

“தரையக் காட்டி இன்னாக்கா புண்ணியம்? மூஞ்சி தெரியணும். பெத்தவங்க புள்ள மூஞ்சியத்தான பாப்பாங்க. நீ இன்மே நிம்மதியா தூங்கலாம். எல்லாத்தையும் இது பாத்துக்கும்.”

பெற்றவர்கள் செல்லிலும் படம் தெரிகிற மாதிரி செய்து கொடுத்தான். ஆனால் எந்த அம்மாவுக்குப் பார்க்க நேரம் இருந்தது? கம்பெனியில் செல்லை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். பட்டுக்கடையில் கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களுக்கு ஐம்பது புடவை பிரித்துக் காட்டி ஐம்பதையும் மடிக்க வேண்டும். நேரம் இருந்தது விக்னேஷுக்குத்தான்.

விக்னேஷ், பட்டுக்கடையில் வேலை செய்யும் ரேவதியின் புருஷன். தறியை விட்டான், ஷேர் ஆட்டோ வாங்கி ஐயம்பேட்டைக்கு ஓட்டினான், அதையும் விற்றான். இப்போது ஆன்லைன் பிசினஸ் என்று சொல்லிக்கொண்டு காப்பகத்துக்கு எதிர்ச்சாரி டீக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். ரெண்டு வயசு மகன் யுவன் துர்காவிடம். அப்பன்காரன் சும்மா இருக்கும்போது பிள்ளையை ஏன் காசு கொடுத்து விட வேண்டும் என்று ரேவதியை யாரும் கேட்டதில்லை. பிள்ளையைக் கழுவிவிடுகிற வேலை ஆம்பளைக்கு வராது என்று ஊரே ஒப்புக்கொண்டிருந்தது. மூன்று மாத ஃபீஸ் வேறு பாக்கி.

டீக்கடை பெஞ்சிலிருந்து காப்பகம் நாற்பதடி இருக்கும். எட்டிப் பார்த்தால் ஜன்னலில் பிள்ளையே தெரியும். அவன் செல்லில் பார்ப்பான். அவனைச் சுற்றி மூன்று பேர்.

“தோ பாரு, எல்லம்மா குந்திக்கினே தூங்குது. வாயில ஈ பூந்துடும் போலக்குது.”

“ஒம் புள்ள எங்கடா அதுல?”

“இருப்பான் எங்கியாவது. மாமா, ஒரு டீ. அந்த மூணாவது கேமராவப் போடறேன் இரு.”

மூன்றாவது கேமரா பின்கட்டு அறையில் இருந்தது. எல்லம்மாள் பிள்ளைகளைக் குளிப்பாட்டும், ஊட்டும் ஆயா. ஐம்பத்திரண்டு வயசு. முன்பு பட்டு முறுக்குகிற வேலை செய்தவள். மடியில் ஏதாவது ஒரு பிள்ளை மூத்திரம் போய்விடும், வாந்தி எடுத்துவிடும். ஒரு நாளைக்கு ரெண்டு தரம் அந்த அறையில்தான் புடவை மாற்றுவாள். கேமரா வந்த பிறகு மறந்து ரெண்டு நாள் அங்கேயே மாற்றிவிட்டாள். அவளுடைய ரவிக்கை அக்குளில் கிழிந்திருப்பது டீக்கடைக்கே தெரிந்துபோனது. அதை ஒருத்தன் பாட்டாகப் பாடினான். அவனுக்கு மீசை நரைத்திருந்தது.

அது எல்லம்மாள் காதுக்கு வந்ததும் கையில் சோப்பு நுரையோடு ரோட்டைத் தாண்டி வந்தாள்.

“ஏண்டா விக்னேசு, ஒன் ஆத்தாவும் நானும் ஒண்ணா பட்டு முறுக்கினவங்கடா. ஒம் புள்ள பீத்துணிய கசக்கற கைடா இது. வெக்கமா இல்ல?”

“நாங்க எங்க புள்ளையத்தான் பாத்தோம் ஆயா. கவர்மெண்டே பாக்கச் சொல்லியிருக்குது.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் காறித் துப்பிவிட்டுப் போனாள். அதன் பிறகு ஈரப் புடவையோடு அடுப்பங்கரைக்குப் போய், புகையில் நின்று மாற்றிக்கொள்வாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. மழையில் கொத்து வேலை கிடையாது. நான் வீட்டில் கிடந்தேன். நாலாம் நாள் காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. தெருச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு, சாயப்பட்டறைத் தண்ணியும் மலத் தண்ணியும் ஒன்றாகி, தறிப்பள்ளத்தில் அடியிலிருந்து ஊறி ஏறியிருந்தது. பலகை இடுக்கில் கருஞ்சிவப்பாகத் தண்ணி வந்து பாயை நனைத்தது. அதில் செத்த பெருச்சாளி ஒன்று ஊதிப்போய் மிதந்தது. ரெண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்துவிட்டன.

துர்கா பிள்ளைகளைப் பின்கட்டு அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். பலகையைத் தூக்கிவிட்டு அவளும் எல்லம்மாளும் வாளியால் மொண்டு ஊற்றினார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. யுவன் மட்டும் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். தண்ணியைக் கண்டால் நிற்க மாட்டான். துர்கா ஒரு தரம் தூக்கிக்கொண்டு போய் விட்டாள். மறுபடி வந்தான். அடுத்த தரம் அவன் ஒரு கால் பள்ளத்துக்குள் போய்விட்டது. சட்டையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் அவளுக்கு நகம் பிய்ந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தறி இருக்கிற வீட்டில் நடக்கப் பழகின பிள்ளை இருந்தால், பழைய புடவையைக் கிழித்து அதன் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தறிக்காலில் முடிந்துவிடுவார்கள். கோர்வைப் புடவைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார வேண்டும். கரைக்கு ஒருத்தர், உடலுக்கு ஒருத்தர். பிள்ளையை யார் பிடிப்பது? பள்ளத்தில் விழாமல் இருக்க அதுதான் வழி. எங்கள் பக்கம் கட்டாத வீடு கிடையாது. அதை யாரும் கட்டுவது என்றே நினைக்க மாட்டார்கள்.

துர்கா கொடியில் கிடந்த பழம்புடவையில் ஒரு பட்டை கிழித்து, யுவன் இடுப்பில் சுற்றி ஜன்னல் கம்பியில் முடிந்தாள். மேலே கேமரா இருக்கிறதே என்று நினைக்கவில்லை. நான் சத்தம் கேட்டுப் போய்க் கடைசிப் பத்து வாளியை மொண்டு ஊற்றினேன். பிள்ளை கட்டியிருப்பதைப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவன் வீல் வீலென்று கத்தினான். பெருச்சாளியைக் குச்சியால் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, பினாயில் ஊற்றிக் கழுவி, பலகையைப் போட்டதும் அவிழ்த்துவிட்டாள். பத்தொன்பது நிமிஷம். ரசம் சோறும் அரை முட்டையும் ஊட்டினாள். சிரித்துக்கொண்டே தின்றான்.

இந்தப் பத்தொன்பது நிமிஷத்தையும் விக்னேஷ் பார்த்துக்கொண்டிருந்தான். செல்லில் ஜன்னல் தெரிந்தது, கட்டு தெரிந்தது, வாயைப் பிளந்து அழுகிற மகன் தெரிந்தான். கோவர்தன் கேமராவை மூஞ்சிக்குத் திருப்பி வைத்திருந்ததால் தரையில் இருந்த பள்ளம் மட்டும் தெரியவில்லை. ரோட்டைத் தாண்டினால் நாற்பதடி. அவன் எழுந்து வரவில்லை. பதிவு பண்ணினான். இன்னொரு டீ சொன்னான். பிறகு, ‘பச்சைப் பிள்ளையை மாடு மாதிரி கட்டி வைக்கும் காப்பகம், அனைவரும் பகிரவும்’ என்று எழுதி வார்டு குரூப்பில் போட்டுவிட்டான். சாயங்காலத்துக்குள் வாலாஜாபாத், தென்னேரி வரைக்கும் போய்விட்டது. ராத்திரி என் தங்கச்சி மகன் சென்னையிலிருந்து எனக்கே அனுப்பினான்.

மறுநாள் காலையில் ஒரு பிள்ளையும் வரவில்லை. பெற்றவர்கள் வந்தார்கள். பிள்ளைகளுக்கு வாங்கிப் போட்ட குட்டி நாற்காலிகளில் சிலர் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் நின்றார்கள். விக்னேஷ் வாசலிலேயே நின்று செல்லைத் தூக்கிப் பிடித்து இதையும் பிடித்துக்கொண்டிருந்தான்.

ரேவதிதான் முதலில் கத்தினாள். ராத்திரி முழுக்க அழுத முகம். “என் புள்ள இன்னா நாயா அக்கா? நாயக் கூட இப்படிக் கட்ட மாட்டாங்க.”

துர்கா பாயைச் சுருட்டினாள். பலகை மூன்றையும் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். ராத்திரி மறுபடி ஊறியிருந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

“நேத்து இதுல ஒன் புள்ள கால் பூந்துடுச்சுடி. நான் புடிக்கலன்னா இன்னைக்கி நீ வேற மாதிரி அழுதுக்கினு இருப்ப. ஞாயித்துக்கெழம மாமனார் தறியில குந்தறப்ப நீ அவன எங்கடி வெக்கற? தறிக்கால்ல கட்டல? நான் பாத்ததில்ல?”

“நான் கட்டுவேன். நான் பெத்தவ.” ரேவதி மூச்சு வாங்கினாள். “ஒனக்குக் காசு குடுக்கறோம் அக்கா. கட்டாம பாத்துக்கத்தான் குடுக்கறோம்.”

அதில் ஞாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எல்லம்மாள் விடவில்லை. “எங்க குடுத்த? மூணு மாசம் ஆச்சுடி ஒம் புருசன் குடுத்து.”

“ஆயா, பேச்ச மாத்தாத,” என்றான் விக்னேஷ் வாசலிலிருந்து. “புள்ளைய கட்டினதுக்கு நாங்க ஏன் ஃபீஸ் குடுக்கணும்?”

“நீ பேசாத. எதிர்லயே குந்திக்கினு இருந்தியே, அழுவற புள்ளைய வந்து தூக்கினியா? படம்தான புடிச்ச?”

“ஆதாரம் வேணுமில்ல?”

பேங்கில் வேலை செய்கிற தாரா சின்ன காஞ்சிபுரத்திலிருந்து மகள் ரக்ஷாவைக் கொண்டுவந்து விடுகிறவள். ஒரு நாளும் குரலை உயர்த்தாதவள். அவள் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“துர்கா, நீங்க கட்டினதக்கூட விட்டுடறேன். இவ்வளவு நாளா என் குழந்தை இந்தப் பலகை மேலயா தூங்கினா?”

“மூடறதுக்குக் காசு சேத்து வெச்சிருந்தேன் மேடம். கேமராவுக்குக் குடுத்துட்டேன். அது இல்லன்னா லைசென்ஸ் இல்லன்னாங்க.”

“எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா விடுவீங்களா மேடம்?”

தாரா போய் அலமாரியில் இருந்த மகளின் தட்டையும் மாற்றுத் துணியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். கத்தினவர்கள் போனதுகூடத் துர்காவுக்கு அவ்வளவு உறைக்கவில்லை. தாரா அந்தத் தட்டைத் துடைத்து எடுத்தபோதுதான் துர்கா உட்கார்ந்துவிட்டாள்.

ரெண்டு நாள் கழித்துப் பரமசிவம் வந்தார். வீடியோ மேலிடம் வரைக்கும் போயிருக்கிறது என்றார். முதலில் நாலு கேமராவையும் போட்டுப் பார்த்தார். பெட்டியில் முப்பது நாள் படம் இருக்கிறதா என்று பார்த்தார்.

“கேமரா விஷயத்துல உம்மேல ஒரு குத்தமும் இல்லம்மா. நல்லா வேல செய்யுது. கட்டினதுதான் குத்தம்.” பிறகு பள்ளத்தின் ஓரத்தில் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார். “இவ்ளோ பெரிய பள்ளம் இருக்குதே, ஏன் முன்னாடியே சொல்லல?”

“சொன்னேனே சார். இதும்மேலதான் நின்னுக்கினு இருந்தீங்க.”

“எழுத்துல குடுத்தியா?”

துர்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ‘சார், நானும் இருந்தேன்’ என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதிகாரிகள் முன்னால் எனக்கு எப்போதும் அப்படித்தான். லைசென்ஸை நிறுத்தி வைக்கிறேன் என்று காகிதம் கொடுத்துவிட்டுப் போனார். காகிதத்தில் பள்ளம் இல்லை. ‘குழந்தையைக் கட்டி வைத்தது கேமரா பதிவின் மூலம் உறுதி செய்யப்பட்டது’ என்று இருந்தது.

காப்பகம் நின்றுவிட்டது. ஒரு பிள்ளையை ஏதோ ஒரு அத்தை பார்த்துக்கொண்டாள். ரெண்டு அம்மாக்கள் கம்பெனியை விட்டார்கள். எல்லம்மாள் ஒரு ஓட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போனாள். யுவன் டீக்கடை பெஞ்சில் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கையில் செல்லைக் கொடுத்துவிட்டால் அசைய மாட்டான். மூக்குச் சளி வாய் வரைக்கும் வந்திருக்கும். துடைக்க ஆள் இல்லை. ஒரு நாள் காலையில் துர்கா ரோட்டைத் தாண்டிப் போய் முந்தானையால் துடைத்துவிட்டு வந்தாள். “வேணாம் அக்கா, யாராவது படம் புடிச்சிடப் போறாங்க,” என்றான் விக்னேஷ். அதற்கும் பெஞ்சு சிரித்தது.

கார்த்திகை அமாவாசை அன்று தறிக்கு லீவு. அருள் வீட்டில் இருந்தான். கேமராக்களைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லி அவன்தான் கோவர்தனைக் கூப்பிட்டிருந்தான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். முதல் கேமராவைக் கழற்றிக் கீழே கொடுத்தபடியே கோவர்தன் கணக்குச் சொன்னான்.

“ரெண்டு தவணை போவ இருவத்தஞ்சாயிரத்து அறுநூத்தம்பது நிக்குது அக்கா. இதெல்லாம் ஓட்டினதுதான? பதினஞ்சாயிரத்துக்கு எடுத்துக்கறேன். மீதி பத்தாயிரத்து அறுநூத்தம்பது.”

அருள் தொண்டையைச் செருமினான். “மாசம் ஆயிரமா வாங்கிக்கப்பா. தோள்பட்ட வேற…”

“இரு மாமா, நான் முடிக்கல. அத்த விட்டுடறேன்.”

“விட்டுடறியா?”

“விட்டுடறேன்.”

துர்கா அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். “ஏன்?”

கோவர்தன் ஏணியிலிருந்து இறங்கினான். கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரி தலையைச் சொறிந்தான். “தப்பா எடுத்துக்காத அக்கா. அந்த வீடியோ சுத்தினதிலேர்ந்து கடையில போன் நிக்கல. பெத்தவங்க எங்க போனாலும் மொதல்ல கேமரா இருக்குதான்னுதான் கேக்கறாங்க. பதினோரு எடம் ஆர்டர் வந்திருக்குது. கூரத்துல ஒண்ணு, ஐயம்பேட்டையில ரெண்டு, வாலாஜாபாத்ல மட்டும் நாலு. ஒன்னாலதான வந்துது? கமிஷன்னு வெச்சுக்கயேன்.”

அவன் கெட்டவன் இல்லை. உண்மையிலேயே நல்லது செய்கிறோம் என்று நினைத்து நின்றான்.

அருள் ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். “நல்லாருப்பபா நீ. ஏம்மே, இன்னா நின்னுக்கினு இருக்க? டீ போடு.”

துர்கா நகரவில்லை.

“பதினோரு எடத்துலயும் தரையப் பாத்தியா?”

“இன்னாத்த?”

“தரைய. பள்ளம், தொட்டி, தாழ்ப்பா இல்லாத கதவு. பாத்தியா?”

“நான் செவுத்தத்தான அக்கா பாப்பேன்.” அவன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டினான். “தரை என் வேல இல்லியே.”

அவள் பேர் இருந்த பக்கம் வந்ததும் பேனாவால் குறுக்கே ரெண்டு கோடு போட்டான். கீழே தேதி எழுதி, அவள் பார்க்கும்படி நோட்டைத் திருப்பிக் காட்டினான்.

“அவ்ளோதான் அக்கா. பாக்கி இல்ல.”